கல்லறைத் தோட்டத்தில் ஜியோகேச்சிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் இந்தியானா, ஒஹாயோ மாநிலங்களில் சோள வயல்களுக்கு நடுவே, நாலைந்து மரங்களும் ஒரு வேலியுமாகச் சின்னஞ்சிறு கல்லறைத் தோட்டங்கள் நிறைய உண்டு. 1800-களில் அங்கே குடியேறிய விவசாயக் குடும்பங்களுடையவை. வெளியூர்க்காரர்கள் இவற்றைத் தேடி வர ஜியோகேச்சிங் ஒரு நல்ல காரணம். ஒருவர் ஒளித்து வைத்த டப்பாவை அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு இன்னொருவர் தேடிப் பிடித்து, உள்ளிருக்கும் நோட்டில் பெயர் எழுதிவிட்டு அதே இடத்தில் திரும்ப வைக்கும் விளையாட்டு இது. 2000 மே மாதம் ஒரிகனில் தொடங்கியது. ஒளித்து வைத்த டப்பாவைக் கேச் என்பார்கள்; கல்லறைத் தோட்டங்களுக்கென்றே ‘ஸ்பிரிட் குவெஸ்ட்’ என்று ஒரு கேச் வரிசையும் இருக்கிறது. ஆனால் பூங்காவில் தேடுகிற பழக்கத்தோடு இங்கே நுழைந்தால் சேதம்தான்.

முதல் தவறு, ஜிபிஎஸ் அம்பு காட்டுகிற கல்லையே துழாவுவது. திறந்த வெளியில்கூட போன் 3 முதல் 5 மீட்டர் வரை பிசகும். மரத்தடியில் 10 மீட்டரும் போகும். அம்பு ஒரு கல்லறையின் மேல் நிற்பதால் டப்பா அங்கே இருக்கிறது என்று ஆகாது. பொறுப்புள்ளவர்கள் வேலிக்கம்பம், ஓரத்து மரம், வாசல் கதவு ஆகியவற்றில்தான் ஒளிப்பார்கள். அங்கிருந்து தேடத் தொடங்குங்கள். பழைய தலைக்கற்கள் பெரும்பாலும் மெல்லிய பளிங்குப் பலகைகள். ஒரு மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம், 5 செ.மீ. தடிமன் என்றால் எடை 65 கிலோவைத் தாண்டும். அடியில் பிடிமானம் போயிருந்தால் லேசாகச் சாய்ந்தாலே விழும். கல் உடையும், கீழே குழந்தை நின்றால் காலும் உடையும்.

இதைவிட அதிகம் நடப்பது கால்மாட்டுக் கற்களை நகர்த்துவது. தலைக்கல்லுக்கு எதிர்ப்புறம், பாதம் இருக்கும் இடத்தில், பெயரின் முதலெழுத்துகள் மட்டும் பொறித்த சிறு கல் ஒன்று நட்டிருக்கும். வசதியில்லாத குடும்பங்கள் எழுத்தே இல்லாத வயல்கல்லைத் தலைமாட்டில் வைத்தன. போலிக் கல்லுக்குள் டப்பா ஒளிக்கும் வழக்கம் தெரிந்தவர் இவற்றைப் புரட்டிப் பார்க்கிறார். அந்தக் கல் இடம் மாறினால் அங்கே ஒருவர் புதைக்கப்பட்டதற்கான ஒரே அடையாளமும் போய்விடும். வேறு பதிவேடு பெரும்பாலும் இருக்காது. வேலிக்கு உள்ளே தரையில் கிடக்கும் எந்தக் கல்லையும் தொடாதீர்கள். படைவீரர் கல்லறைகளின் மேலிருக்கும் நாணயங்களும் அப்படியே. வந்து போனதற்கு அடையாளமாக வைத்தவை. கேச் டப்பாவில் ஒரு பொருளை வைத்து வேறொன்றை எடுப்பதுபோல மாற்றி எடுத்துக்கொள்ள அவை அல்ல.

சில கேச்களில் கல்லில் உள்ள தேதிகளைக் கொண்டு இறுதி இடத்தைக் கணக்கிட வேண்டும். எழுத்து மங்கியிருந்தால் ஷேவிங் க்ரீம் பூசுவதும், சாக்பீஸ் தேய்ப்பதும், கம்பி பிரஷ் போடுவதும் கல்லுக்குக் கேடு. க்ரீமில் உள்ள அமிலம் பளிங்கின் நுண்துளைகளில் தங்கிவிடும். ஒரு கையகலக் கண்ணாடி போதும்: வெயிலைப் பக்கவாட்டில் திருப்பிக் கல்மேல் படரவிட்டால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பி நிற்கும். 1-ம் 7-ம், 3-ம் 8-ம் குழம்பும் இடங்கள். அட்சரேகை நிமிடத்தின் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) இரண்டாம் தசம இடத்தில் 3-ஐ 8 என்று எடுத்தால் வடக்கு தெற்காகச் சுமார் 93 மீட்டர் தள்ளிப் பக்கத்து வயலில் நிற்பீர்கள். பழைய கற்களில் பிறந்த தேதி பெரும்பாலும் இருக்காது; இறந்த தேதியும், இத்தனை வருடம், மாதம், நாள் வாழ்ந்தார் என்ற கணக்கும்தான். வருடத்தை மட்டும் கழித்தால் பிறந்த ஆண்டு ஒன்று பிசக வாய்ப்புண்டு. மாதத்தையும் நாளையும் சேர்த்தே கழியுங்கள்.

இருட்டிய பின் போகாதீர்கள். பல தோட்டங்கள் சூரிய உதயம் முதல் அஸ்தமனம் வரைதான் திறப்பு. மே கடைசித் திங்களன்று வரும் நினைவு தினத்தில் குடும்பங்கள் பூ வைக்க வருவார்கள், அன்று அவர்களுக்கு விட்டுவிடுங்கள். அடக்கம் நடந்தால் காரிலிருந்தே திரும்புங்கள். பயிருக்கு நடுவே பாதை இல்லையென்றால் வயல்காரரைக் கேட்காமல் இறங்கக் கூடாது. புல்லில் உண்ணி இருக்கும். பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுங்கள்.

ஒளித்து வைப்பவருக்கு அனுமதிதான் முதல் வேலை. இந்தியானாவில் கவனிப்பாரற்ற பல பழைய தோட்டங்கள் டவுன்ஷிப் டிரஸ்டியின் (ஊராட்சி போன்ற சிறு பகுதியின் நிர்வாக அதிகாரி) பொறுப்பில் உள்ளன, அவரைக் கேளுங்கள். அனுமதியில்லாமல் வைத்த டப்பாக்கள் எவ்வளவு கசப்பை உண்டாக்கும் என்பதற்குத் தென் கரோலினா சாட்சி: அனுமதியின்றிக் கல்லறைத் தோட்டங்களில் இந்த விளையாட்டை ஆடத் தடைகோரும் மசோதா 2005-இல் அங்கே கீழவையில் நிறைவேறியது; சட்டமாகவில்லை. நில உரிமையாளரின் வெளிப்படையான அனுமதியின்றி மண்ணைத் தோண்டிப் புதைப்பது விதிப்படி கூடாது. அடுத்த கேச்சிலிருந்து 161 மீட்டர் இடைவெளி வேண்டும். பிலிம் டப்பாவில் தண்ணீர் இறங்கி நோட்டு ஊறிவிடும். ரப்பர் வளையம் வைத்த பூட்டு டப்பாவில், வெளியே ‘ஜியோகேச்’ என்று எழுதி வையுங்கள்.

விழுந்து கிடக்கும் கல்லைக் கண்டால் நிமிர்த்த முயலாதீர்கள். படம் எடுத்து, அது எந்த வரிசையில் எத்தனையாவது கல் என்று குறித்து டிரஸ்டிக்கு அனுப்புங்கள்.