கேக் இறுகிவிட்டால் மாவைத் திட்டுவதற்கு முன்

கொழும்பில் வீட்டில் பேக்கிங் செய்பவர்களிடம் மாவைப் பற்றிக் கேட்டால் இரண்டு கட்சிதான். எல்லாம் கோதுமை மா தானே, எதைப் போட்டால் என்ன என்பது ஒன்று. வெளிநாட்டுக் கேக் மா இல்லாமல் கேக் சரிவராது என்பது மற்றது. பாணுக்கு மா மிக முக்கியம், பட்டர் கேக்குக்கு ஓரளவு, பிஸ்கட்டுக்கு அவ்வளவாக இல்லை. இதுதான் என் கணக்கு.

கோதுமை மாவில் தண்ணீர் விட்டுக் குழைக்கும்போது அதிலுள்ள புரதம் குளூட்டன் என்ற இழுபடும் வலையாக மாறுகிறது. ஈஸ்ட் விடுகிற வாயுவை அந்த வலைதான் பிடித்து வைத்திருக்கிறது, அதனால்தான் பாண் பொங்குகிறது. அதே வலை கேக்கில் கூடிப்போனால் கேக் ரப்பர். பாண் மாவில் பொதுவாக 12 முதல் 14 சதவீதம் புரதம் இருக்கும், கேக் மாவில் 7 முதல் 9, நாம் வழமையாக வாங்கும் வெள்ளை மா பெரும்பாலும் இவற்றுக்கு இடையில். ஆகவே பைக்கற்றின் முன்பக்கத்தில் எந்தப் பெயர் இருந்தாலும் திருப்பிப் பாருங்கள், 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம் என்று போட்டிருந்தால் அதுதான் நீங்கள் தேடும் எண். கடையில் நிறுத்து வாங்கிய மா என்றால் ஒரு கைப்பிடியைத் தண்ணீர் விட்டு நன்றாகக் குழைத்து, கொஞ்ச நேரம் வைத்து, குழாயடியில் மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். வெள்ளைத் தண்ணீர் எல்லாம் போனபின் கையில் சூயிங்கம் மாதிரி மிஞ்சுவதுதான் குளூட்டன். இரண்டு மாவை ஒரே அளவில் எடுத்துக் கழுவினால் எது பாணுக்கு நல்லது என்பது உடனே தெரிந்துவிடும்.

நம் வீடுகளுக்கே உரிய ஒரு தவறு உண்டு, வெளிநாட்டுச் செய்முறைகளில் இதற்கு எச்சரிக்கையே இருக்காது: அவித்த மா. பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் என்று அவித்து அரித்து வைத்த கோதுமை மாவும் பச்சை மாவும் பெயர் ஒட்டாத இரண்டு டின்களில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும், அவசரத்தில் கை மாறிவிடும். ஆவியில் அவியும்போது அந்தப் புரதம் தன் இழுபடும் தன்மையை இழந்துவிடுகிறது, அதனால்தான் பிட்டு பசையாகாமல் உதிரி உதிரியாக வருகிறது. அதே மாவில் பாண் போட்டால், ஈஸ்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பொங்காது. தயவுசெய்து டின்னில் பெயர் எழுதி ஒட்டுங்கள்.

அடுத்தது செல்ஃப் ரைசிங் மா. அதில் பேக்கிங் பவுடரும் பெரும்பாலும் உப்பும் ஏற்கெனவே கலந்திருக்கும். செய்முறையில் இருக்கிறதே என்று அதற்குமேல் இன்னும் பேக்கிங் பவுடர் போட்டால் கேக் ஓவனில் கிடுகிடுவென்று எழும்பி நடுவில் தொப்பென்று விழும், வாயில் ஒரு கசப்பும் நிற்கும். செய்முறை செல்ஃப் ரைசிங் கேட்டு உங்களிடம் சாதாரண மாதான் இருந்தால், ஒரு கோப்பைக்கு ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து இரண்டு முறை அரித்துக்கொண்டால் போதும்.

ஆரோக்கியத்துக்காக முழு மாவையும் ஆட்டாவாக மாற்றுவதும் ஒரே முறையில் செய்யக்கூடாது. தவிட்டுத் துணுக்குகள் குளூட்டன் வலையை அறுக்கும், தண்ணீரையும் கூடக் குடிக்கும். கால் பங்கில் தொடங்கி, தண்ணீரோ பாலோ கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். குரக்கன் மாவில் குளூட்டனே இல்லை, பாணில் அதைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம், அதை மட்டும் நம்பி இறங்க முடியாது.

இனி அந்த விலை கூடிய கேக் மா. பட்டர் கேக்குக்கு அது தேவையே இல்லை என்பேன். ஒரு கோப்பை சாதாரண மாவில் இரண்டு மேசைக்கரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கோர்ன் ஃப்ளவர் போட்டு அரித்தால் புரதம் குறையும், கேக் மிருதுவாகும். மஞ்சள் நிறச் சோள மா வேறு, அதைப் போடாதீர்கள். ஆனால் மாவைவிடச் சீனி கூடிய அமெரிக்கக் கேக் செய்முறை என்றால் கதை வேறு, அங்குள்ள கேக் மா பெரும்பாலும் குளோரின் ஏற்றி வெளுக்கப்பட்டது, அது கூடுதல் சீனியையும் ஈரத்தையும் தாங்கும், நம் மா அந்தளவுக்குத் தாங்காது. ரவையும் கஜுவும் போடுகிற லவ் கேக்கில் இந்தத் தலையிடி எதுவும் இல்லை!

உண்மையில் மாவின் மேல் விழுகிற பழியில் பாதி, மாவை அளக்கும் விதத்துக்கும் அடிக்கும் விதத்துக்கும் உரியது. கோப்பையால் பைக்கற்றுக்குள் அமுக்கி அள்ளினால் 150 கிராம்கூட வரும், கரண்டியால் தளர்வாகப் போட்டு மட்டம் தட்டினால் அதே கோப்பையில் 120 கிராம் அளவில்தான் நிற்கும். மூன்று கோப்பை என்றால் வித்தியாசம் 90 கிராம், கேக் வறண்டுபோக வேறென்ன வேண்டும்? கேக் மாவைத் தேடி ஊர் சுற்றுகிற காசுக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். அப்புறம், பட்டரையும் சீனியையும் நன்றாக அடியுங்கள், மா போட்டபின் பீட்டரை வைத்துவிட்டுக் கரண்டியால் மடித்துக் கலந்து, வெள்ளை மா கண்ணில் படாத இடத்தில் நிறுத்துங்கள்.

கொழும்பின் ஈரக் காற்றில் திறந்த பைக்கற் சீக்கிரம் கட்டிபடும், வண்டும் வரும். காற்றுப் புகாத டின்னில் போடுங்கள். ஆட்டாவில் கோதுமை முளையின் எண்ணெய் இருப்பதால் அது வெள்ளை மாவைவிட வேகமாகச் சிக்கு மணம் பிடிக்கும், அதைக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். டின்னின் அடியில் கிடக்கும் பழைய மாவின் மேல் புதியதைக் கொட்டாமல், முதலில் பழையதை முடித்துவிட்டு டின்னைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள்.