எள்ளு: வயலிலும் வாணலியிலும் செய்யும் தவறுகள்

நெல் அறுத்த வயலில் கொஞ்சம் ஈரம் மிச்சமிருந்தால் தை, மாசியில் எள்ளைத் தூவிவிட்டு, வந்தவரை லாபம் என்று இருந்துவிடுவது நம் வழக்கம். உரம் கேட்காது, தண்ணீர் கேட்காது என்பதும் ஓரளவு உண்மைதான். ஆனால் எள்ளு கெடுவது பெரும்பாலும் குறைவால் அல்ல, நாம் கூடுதலாகச் செய்வதால்.

விதையையே எடுத்துக்கொள்வோம். ஆயிரம் எள்ளை எண்ணி நிறுத்தால் 3 கிராம்தான் இருக்கும். ஏக்கருக்குச் சொல்லும் 2 கிலோவிலேயே ஆறு லட்சத்துக்கு மேல் விதை இருக்கிறது. வயலில் நிற்க வேண்டியதோ சதுர மீட்டருக்கு 11 செடி, அதாவது ஏக்கருக்குச் சுமார் 45,000. அப்படியிருந்தும் "முளைக்காமல் போய்விட்டால்?" என்று இரண்டு மடங்கு தூவுகிறவர்கள் உண்டு. 2 கிலோவே போதும். ஒரு பங்கு விதைக்கு நாலு பங்கு உலர்ந்த மணல் கலந்து தூவினால் ஒரே இடத்தில் கொட்டாது. அப்புறம் 15ஆம் நாள் ஒரு முறை, 30ஆம் நாள் ஒரு முறை நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கிப் பயிரைக் கலைத்துவிட்டு, கடைசியில் செடிக்குச் செடி ஒரு அடி இடைவெளி விட வேண்டும். பச்சையாக நிற்பதைப் பிடுங்க மனசு வராது. விட்டால் எல்லாம் ஒற்றைக் குச்சியாக ஓங்கி, நுனியில் நாலு காயோடு நிற்கும்.

அடுத்தது தண்ணீர். எள்ளு வறட்சியைத் தாங்கும், தேக்கத்தைத் தாங்காது. டெல்டாவில் கோடை மழை ஒரு நாள் கொட்டி, தண்ணீர் வடியாமல் நின்றால் பயிர் அப்படியே தலை தொங்கிவிடும். விதைக்கும்போதே வடிகால் எடுத்துவிடுங்கள். வேரழுகலுக்குக் கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து விதைப்பது நல்லது. பூ வர வேண்டிய இடத்தில் பச்சைப் பச்சையாக இலைக் கொத்து வந்தால், செடி செழிப்பாக இருக்கிறது என்று மகிழாதீர்கள். அது தத்துப்பூச்சி பரப்பும் நோய். அந்தச் செடி காய்க்காது, பிடுங்கி அழித்துவிட வேண்டியதுதான்.

அதிக நஷ்டம் அறுவடையில்தான். எல்லாக் காயும் காயட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து எள்ளு மண்ணோடு போய்விடும். அடியிலைகள் உதிர்ந்து தண்டு மஞ்சளாகும்போது, கீழிருந்து பத்தாவது காயைப் பிளந்து பாருங்கள். கறுப்பு எள்ளு ரகமென்றால் உள்ளே விதை கறுத்திருக்கும். அன்றே அறுக்கலாம். கட்டி அடுக்கி ஐந்தாறு நாள் வைத்தால் மற்றதும் பழுத்துவிடும். பிறகு வெயிலில் காயவைத்து, தார்ப்பாயின் மேல் தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் சலசலவென்று கொட்டும்.

சமையலறையில் கூடுதலாவது சூடு. எள்ளைக் கல், மண் போக அரித்து, ஈரம் வடித்து, வெறும் வாணலியில் மிதமான தீயில் வறுக்க வேண்டும். படபடவென்று பொரியும் சத்தம் அடங்கத் தொடங்கியதும் உடனே தட்டில் கொட்டிவிடுங்கள். அடுப்பை மட்டும் அணைத்துவிட்டுப் போனால் வாணலிச் சூட்டிலேயே கருகும். கறுப்பு எள்ளில் நிறம் காட்டிக்கொடுக்காது, இட்லிப் பொடியில் கசந்த பிறகுதான் தெரியும். ஆறும் முன் மிக்ஸியில் போட்டாலும், விடாமல் ஓட்டினாலும் எண்ணெய் கக்கிக் களியாகிவிடும். விட்டு விட்டு ஓட்டுங்கள்.

கடையில் 'தீப எண்ணெய்' என்று விற்பதை விலை குறைவென்று நல்லெண்ணெயாக நினைத்துச் சமைக்கக் கூடாது. அது விளக்குக்கு மட்டும்தான்.

மருந்து விஷயத்தில் ஆசை கொஞ்சம் அதிகம். இளைத்தவனுக்கு எள்ளு என்றார்கள், சரி. எள்ளில் கால்சியம் நிறைய. ஆனால் அதில் பெரும்பகுதி தோலில் இருக்கிறது, தோல் நீக்கிப் பளபளக்கும் வெள்ளை எள்ளில் அவ்வளவு கிடையாது. நல்லெண்ணெயிலோ கால்சியம் இல்லவே இல்லை என்றே சொல்லலாம். எலும்புக்கு என்றால் எள்ளுருண்டை சாப்பிடுங்கள், எண்ணெயைக் குடிக்க வேண்டாம். எள்ளு சிலருக்குக் கடும் ஒவ்வாமையும் தரும். அமெரிக்காவில் 2023 முதல் உணவுப் பொட்டலங்களில் எள்ளைத் தனியாகக் குறிப்பிடுவது கட்டாயம்.

கைக்குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு மூக்கிலும் காதிலும் சொட்டு எண்ணெய் விடும் பழக்கம் மட்டும் உடனே நிற்க வேண்டும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். பாட்டி கோபித்துக்கொண்டால் குழந்தையின் கை காலில் தேய்த்துவிடச் சொல்லிக் கிண்ணத்தை அவர் கையிலேயே கொடுங்கள்.