வெள்ளவத்தை வீட்டுக் கமராவைத் திருகோணமலையில் இருந்து பார்ப்பது எப்படி

மாதத்தில் பாதி நாள் எனக்குத் திருகோணமலையில் வேலை. வெள்ளவத்தையில், காலி வீதியில் இருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 74. போன வருடம் வீட்டுக்கு நான்கு கமராவும், அவற்றின் படத்தைப் பதிந்து வைக்கும் ஒரு டிவிஆர் பெட்டியும் பூட்டினோம். டிவியில் படம் அழகாகத்தான் தெரிந்தது. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது வேறு: இரவு பத்து மணிக்குத் திருகோணமலை அறையில் படுத்திருந்தபடி, வீட்டுக் கேற் சாத்தியிருக்கிறதா என்று போனில் பார்க்க வேண்டும். அதைச் சரியாகச் செய்து முடிக்க எனக்கு மூன்று வாரம் பிடித்தது. விஷயம் தெரிந்தால் ஒரு பின்னேரம் போதும்.

முதலில் கவனிக்க வேண்டியது, கணக்கு யாருடைய பெயரில் இருக்கிறது என்பது. கமரா பூட்ட வந்த தம்பி, தன் போனிலேயே ஆப்பைத் திறந்து, தன் மின்னஞ்சலில் பெட்டியைப் பதிந்துவிட்டு, எனக்கு ஷெயார் பண்ணிக் கொடுத்தார். படம் வந்தது, நானும் நன்றி சொல்லி அனுப்பினேன். பிறகு கனடாவில் இருக்கும் அக்காவுக்கும் பார்க்கக் கொடுப்போம் என்று போனபோது ஆப் விடவில்லை. பெட்டிக்கு உரிமையாளர் அவர், நான் வெறும் பார்வையாளர். அம்மா காலையில் பூப் பறிக்க முற்றத்துக்கு வருவதை முன்பின் தெரியாத ஒருவர் எந்த நேரமும் பார்க்கலாம் என்று நினைத்தபோது எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று நான் சொல்லவில்லை. வேலை கெதியாக முடியும் என்று அப்படிச் செய்திருப்பார். ஆனாலும் அது உங்கள் வீட்டு வாசல்.

அதனால் பூட்ட ஆள் வருவதற்கு முன்பே உங்கள் போனில் ஆப்பை இறக்கி, உங்கள் மின்னஞ்சலில் கணக்குத் திறந்து வையுங்கள். ஹைக்விஷன் பெட்டி என்றால் ஹைக்-கனெக்ட், டாஹுவா என்றால் டிஎம்எஸ்எஸ். ஏற்கெனவே இன்னொருவர் கணக்கில் பதிந்திருந்தால், அவரை அழைத்து அவர் ஆப்பில் இருந்து அந்தப் பெட்டியை அழிக்கச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ஆள் கிடைக்காவிட்டால், வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு அட்மின் பாஸ்வேர்டைக் கொடுத்துப் பழைய பிணைப்பை நீக்கப் பல பெட்டிகள் விடும். அதுவும் சரிவராவிட்டால், பில்லையும் சீரியல் இலக்கத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கிய கடைக்கே போங்கள்.

சரி, இனி இணைப்பு. டிவிஆரில் இருந்து ரவுட்டருக்கு ஒரு நெட்வேர்க் வயர் போக வேண்டும். பெட்டியின் மெனுவில் நெட்வேர்க் பகுதிக்குப் போய் டிஎச்சிபியை ஓன் செய்யுங்கள்; அப்போது ரவுட்டரே பெட்டிக்கு ஒரு முகவரி கொடுக்கும். அட்மின் பாஸ்வேர்டை அப்போதே மாற்றுங்கள்; 12345, போன் இலக்கம், பிறந்த திகதி எதுவும் வேண்டாம். அப்புறம் பீ2பீ அல்லது பிளட்ஃபோர்ம் என்று இருக்கும் இடத்தைத் திறந்து இயக்குங்கள்; பெட்டியை வெளியில் இருந்து ஆப்போடு இணைப்பது இதுதான். ஹைக்விஷனில் வெரிஃபிகேஷன் கோட் ஒன்று கேட்கும். அதை நீங்களே வைத்து, ஒரு கொப்பியில் எழுதுங்கள். நிலை 'ஓன்லைன்' என்று வர வேண்டும். எங்கள் வீட்டில் வரவில்லை. தளப் பெயர்களுக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ் என்ற இடத்தில், கூகிளின் 8.8.8.8 என்று போட்ட பிறகுதான் வந்தது. ஓன்லைன் ஆனதும் திரையில் தெரியும் கியூஆர் கோடை உங்கள் ஆப்பால் ஸ்கேன் செய்தால் நான்கு படமும் வரும். அந்தக் கோடைப் படமெடுத்து குடும்ப வட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.

வீட்டில் இருந்தபடி படம் வந்ததும் வேலை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். வைஃபையை நிறுத்திவிட்டு, காலி வீதி வரை நடந்து போய் மொபைல் டேட்டாவில் பாருங்கள். அங்கே வந்தால்தான் திருகோணமலையிலும் வரும்.

ரவுட்டரில் போர்ட் திறந்து, அதாவது வெளியில் இருந்து பெட்டிக்கு நேரே வர ஒரு வாசல் விட்டு, பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். செய்யாதீர்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கமராக்களையும் டிவிஆர்களையும் இலட்சக்கணக்கில் பிடித்தது. அந்த வருடம் ஒக்டோபர் 21 அன்று அவற்றைக் கொண்டு தளங்களின் பெயர்களுக்கு முகவரி காட்டிக் கொடுக்கும் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்கியதில், ட்விட்டர் போன்ற பெரிய தளங்களே பலருக்கு மணிக்கணக்காகத் திறக்கவில்லை. தவிர, 4ஜி ரவுட்டர் வைத்திருப்பவர்களில் பலருக்கு வெளியில் இருந்து நேரே வரக்கூடிய தனி ஐபி முகவரி (இணைய முகவரி) கிடைப்பதில்லை. போர்ட் திறந்தும் பயன் இராது. பீ2பீயில் பெட்டிதான் வெளியே போய்த் தொடர்பு எடுக்கிறது. அதனால் எந்த ரவுட்டரிலும் ஓடும்.

டேட்டா பற்றி ஒரு கணக்கு. ஒரு கமராவின் முழுத் தெளிவுப் படமான மெயின் ஸ்ட்ரீம் 4 எம்பிபிஎஸ் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.8 ஜிபி போகும். தெளிவு குறைந்த சப் ஸ்ட்ரீமை 512 கேபிபிஎஸ்ஸில் வைத்தால் அதே நேரத்துக்கு 230 எம்பி. போனின் சின்னத் திரைக்கு அது தாராளம். முகம் தெளிவாகத் தேவைப்படும்போது மட்டும் எச்டியை அழுத்துங்கள்.

எச்சரிக்கைச் செய்திதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. முதல் இரவு நாற்பது தடவைக்கு மேல் போன் கத்தியது. எழுந்து பார்த்தால் ஒவ்வொரு முறையும் பல்லி. கமராவின் இரவு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குப் பல்லி வரும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஊர்வதால் அதன் வயிறு திரையை நிறைத்து வெள்ளையாகத் தெரியும், காலின் ஐந்து விரலையும் எண்ணலாம். எது அசைந்தாலும் கத்தும் மோஷன் டிடெக்‌ஷனை நிறுத்திவிட்டு, மனித உருவத்துக்கு மட்டும் கத்தும்படி மாற்றினேன். திரையில் கேற்றுக்குக் குறுக்கே, கடந்தால் கத்தும்படி ஒரு கோடு போட்டு, இரவு பத்தில் இருந்து விடிய ஐந்து வரை என்று நேரமும் வைத்தேன். இப்போது ஒரு மாதத்தில் இரண்டு மூன்று தடவைதான் வருகிறது, வந்தால் உண்மையாகவே எழுந்து பார்க்கிறேன். அண்ட்ரொய்ட் போனில் பற்றரி சேமிப்புப் பட்டியலில் இருந்து இந்த ஆப்பை விலக்கி வையுங்கள். இல்லாவிட்டால் செய்தி விடிந்த பிறகுதான் வரும்.

கரண்ட் போனால் கமராவும் போகும், இன்ரநெற்றும் போகும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை இருட்டில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டிவிஆர், ரவுட்டர், கமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் அடாப்டர் மூன்றையும் ஒரே யூபிஎஸ்ஸில் போடுங்கள். ஒன்றை விட்டாலும் படம் வராது.

அக்காவுக்கு நேரடிப் படம் மட்டும் பார்க்கக் கொடுத்தேன், பழைய பதிவுகளை அல்ல. அம்மாவின் அறைக்குள்ளும் ஹோலிலும் கமரா இல்லை. அவரிடம் கேட்டுத்தான் ஒவ்வொன்றுக்கும் இடம் பார்த்தோம். பக்கத்து வீட்டு முற்றம் தெரிந்த மூலையை மெனுவில் கறுப்பாக மறைத்துவிட்டேன். கேற் கமரா எங்கே என்று அம்மாவுக்குத் தெரியும். பின்னேரம் ஆறு மணிக்குக் கேற்றைச் சாத்திவிட்டு, அதைப் பார்த்துக் கை காட்டிவிட்டு உள்ளே போவார். அந்த நேரத்தில் ரொறன்ரோவில் விடிந்திருக்கும். அக்கா வேலைக்குப் புறப்படுவதற்கு முன் அதைப் பார்த்துவிட்டு எனக்குப் போன் எடுப்பாள்.