பொதிக்குதிரையின் முதுகுப் புண்: மருந்துக்கு முன்னால் சேணத்தைப் பாருங்கள்

கொடைக்கானல் மலையில் வெள்ளகெவி மாதிரி ஊர்களுக்குக் குதிரைதான் சரக்கு வண்டி. முதுகில் புண் வந்தால் களிம்பு பூசுகிறோம், ஆறுகிறது, மறுபடி வருகிறது. காரணம், மடித்துப் போட்ட சாக்கு நேராக முதுகெலும்பில் அழுந்துவதுதான்.

சரிசெய்தது இப்படி. சணல் சாக்கில் இரண்டு நீள மெத்தைகள் தைத்து, காய்ந்த வைக்கோலை இறுக்கமாக அடைத்தோம். நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டு, முன்னும் பின்னும் மட்டும் பட்டையால் இணைத்தோம். சுமை ஏற்றிய பிறகும் அந்த இடைவெளியில் கை நுழைய வேண்டும். நுழையாவிட்டால் வைக்கோல் படிந்துவிட்டது, அவிழ்த்து மறுபடி அடையுங்கள். அடியில் பருத்தித் துணி. நைலான் சாக்கு வேண்டவே வேண்டாம், வியர்வையை உறிஞ்சாது.

புண் இருக்கும் இடத்தில் மெத்தையை வட்டமாக வெட்டி ஓட்டை போடுவார்கள். அது தப்பு: ஓட்டையின் விளிம்பு அழுத்தி, புண்ணைச் சுற்றி ரத்த ஓட்டம் குறையும். ஆறும்வரை சுமையே ஏற்றக் கூடாது.

கழுவ, கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு போதும். கழிவு ஆயில், பேட்டரி தண்ணீர் எல்லாம் சதையை எரித்துவிடும். ஆழமான புண் என்றால் ரணஜன்னி (டெட்டனஸ்) ஊசிக்குக் கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

இரு பக்க மூட்டையையும் தராசில் நிறுத்துக் கட்டுங்கள், கைக்கணக்கு ஏமாற்றும். சேணத்தைக் கழற்றியதும் முதுகைப் பாருங்கள். வியர்த்த முதுகில் ஓர் இடம் மட்டும் காய்ந்திருந்தால், அடுத்த புண் அங்கேதான்.