வெளியூர் ரக்பி போட்டிக்கு அணியை அழைத்துச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் நான்கைந்து பேர் சேர்ந்து தொடங்கும் ஒரு ரக்பி கிளப், ஓரிரு ஆண்டுகள் உள்ளூரில் நட்பு ஆட்டங்கள் ஆடிவிட்டு, கொல்கத்தாவுக்கோ மும்பைக்கோ மண்டல அளவிலான போட்டிக்குப் புறப்படும்போது, எங்கள் தலைமுறை செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறது. அவர்களுடைய வாட்ஸ்அப் குழுவில் ஓடும் திட்டங்களைப் படித்தாலே எந்த நாளில் எது கவிழும் என்று சொல்லிவிடலாம். ஜெர்சிப் பையை வீட்டிலேயே விட்டுவிடுவது, ஐஸ் வாங்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை மறந்தவர் மறுமுறை மறக்கமாட்டார். அனுபவம் வந்த பிறகும் தொடரும் தவறுகளே இங்கே முக்கியம்.

சுற்றறிக்கையைப் படிக்காமல் மற்றவர்களுக்கு அனுப்பிவிடுவது

போட்டி நடத்துவோரிடமிருந்து சுற்றறிக்கை வந்தவுடன் அணியின் மேலாளர் அதைக் குழுவில் போட்டுவிட்டுத் தம் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறார். ஆனால் பயிற்சித் திட்டம் முழுவதும் அந்தத் தாளிலிருந்துதான் தொடங்க வேண்டும். எழுவர் ஆட்டம் என்றால் ஒவ்வொரு பாதியும் 7 நிமிடம், ஸ்க்ரம்மில் (இரு அணியினரும் குனிந்து தோளோடு தோள் கோத்துப் பந்துக்காகத் தள்ளும் அமைப்பு) பக்கத்துக்கு மூன்று பேர், மஞ்சள் அட்டைக்கு 2 நிமிடம் வெளியே. பதினைவர் ஆட்டம் என்றால் பாதிக்கு 40 நிமிடம், ஸ்க்ரம்மில் எட்டுப் பேர், மஞ்சள் அட்டைக்கு 10 நிமிடம். இரண்டுக்கும் வேண்டிய உடற்தகுதி வேறு, தேர்ந்தெடுக்க வேண்டிய ஆட்களும் வேறு.

புள்ளி முறையையும் அணித்தலைவர் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். நான்கு ட்ரை (எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவது) போட்டால் புள்ளிப் பட்டியலில் ஒரு கூடுதல் புள்ளி, ஏழு அல்லது அதற்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றாலும் ஒரு கூடுதல் புள்ளி என்பது பல போட்டிகளில் உள்ள வழக்கம். பத்துப் புள்ளி பின்தங்கியிருந்த ஓர் அணிக்குக் கடைசி நிமிடத்தில் கம்பத்துக்கு நேர் எதிரே பெனால்டி கிடைத்தது. உதைத்து மூன்று புள்ளி எடுத்திருந்தால் வித்தியாசம் ஏழாகக் குறைந்து கூடுதல் புள்ளி வந்திருக்கும். அணித்தலைவரோ வீரமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினார், அடுத்த பாஸிலேயே பந்து கைநழுவியது, ஆட்டம் முடிந்தது. அந்த ஒரு புள்ளிக் குறைவால் அவர்கள் அரையிறுதிக்குப் போகவில்லை.

முன்வரிசைக்கு ஆள் தேற்றாமல் புறப்படுவது

ஸ்க்ரம்மின் முன்வரிசை என்பது நடுவில் ஒரு ஹூக்கரும் அவருக்கு இரு பக்கமும் இரண்டு ப்ராப்களும் சேர்ந்த மூவர். இந்தத் தவறு எத்தனை பருவம் ஆனாலும் எனக்கு எரிச்சலூட்டுகிறது. "நம்ம பையன் ஒருத்தன் நூறு கிலோ இருக்கான், அவனை ப்ராப்பாப் போட்டுக்கலாம்" என்ற வாக்கியம் ஒவ்வொரு தேர்வுக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் வாயிலிருந்து வந்துவிடுகிறது. பயணச் செலவைக் குறைக்கப் பத்தொன்பது பேரோடு போகலாம் என்று முடிவாகும். அந்தப் பத்தொன்பதில் வேகமாக ஓடும் விங்கர்களும் சென்டர்களும் முதலில் இடம்பிடிப்பார்கள். ப்ராப் இரண்டு பேர், ஹூக்கர் ஒருவர் இருக்கிறார்களே, போதாதா என்று பட்டியலை மூடிவிடுவார்கள்.

போதாது. அது தனிமனிதர் கருத்தல்ல, ஆட்ட விதி. அணியில் 15 பேர் அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் மூன்று பேரும், 16 முதல் 18 வரை இருந்தால் நான்கு பேரும், 19 முதல் 22 வரை இருந்தால் ஐந்து பேரும், 23 பேர் இருந்தால் ஆறு பேரும் முன்வரிசையில் ஆடத் தக்க பயிற்சி பெற்றவர்களாக இருக்க வேண்டும் என்று விதிப்புத்தகத்தின் மூன்றாம் விதி சொல்கிறது. அவர்கள் யார் யார் என்பதை ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் தெரிவிக்கவும் வேண்டும்.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பது, ஒரு ஸ்க்ரம் கூடுவதை அருகில் நின்று பார்த்தவருக்குப் புரியும். ஒரு பக்கத்து எட்டுப் பேரின் எடை 700 கிலோவை நெருங்கும். நடுவர் "க்ரவுச், பைண்ட், செட்" என்று மூன்று குரல் கொடுக்க, இரு பக்கத்து எடையும் முன்வரிசை அறுவரின் தோள்களிலும் கழுத்துகளிலும் வந்து மோதுகிறது. அவர்களிலும் 3ஆம் எண் அணிந்த டைட்ஹெட் ப்ராப்பின் நிலை தனி. 1ஆம் எண் அணிந்த லூஸ்ஹெட்டுக்குத் தலையின் ஒரு பக்கம் வெளியே திறந்திருக்கிறது. டைட்ஹெட்டின் தலையோ எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் அகப்பட்டிருப்பதால் இரண்டு பேருடைய அழுத்தத்தை அவர் ஒருவரே தாங்க வேண்டும். முதுகு பலகைபோல் நேராக இருக்க வேண்டும், தோள் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது, வலக்கை எதிராளியின் கையைப் பிடிக்காமல் அவருடைய முதுகுப்புறத்து ஜெர்சியைப் பிடிக்க வேண்டும், முழங்கை தரையைப் பார்த்துத் தொங்கக் கூடாது. இவையெல்லாம் உடல் எடையால் வருவதில்லை. வாரக்கணக்கில் பழகிய பிறகும் களைத்த நேரத்தில் இவற்றில் ஒன்று தவறும். பழகாதவருக்கு எல்லாமே ஒரே நொடியில் தவறும்.

ஓர் இளம் அணி பத்தொன்பது பேரோடு வந்திருந்தது. ஆட்டத் தாளில் முன்வரிசைக்கு ஐந்து பெயர் எழுதியிருந்தார்கள். அவற்றில் இரண்டு பெயர்கள் தாளில் மட்டுமே ப்ராப்கள். இரண்டாவது ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவர்களுடைய டைட்ஹெட்டுக்குத் தோள்பட்டையில் அடிபட்டது. மாற்றாக உள்ளே போனவர் நல்ல உடற்கட்டுள்ள ஒரு சென்டர். முதல் ஸ்க்ரம்மில் அவருடைய முதுகு கூன்போல் வளைந்து முழங்கை நேராகப் புல்லை நோக்கி இறங்கியது. நடுவர் விசிலடித்து எதிரணிக்குப் பெனால்டி கொடுத்தார். இரண்டாவது ஸ்க்ரம் அப்படியே தரையில் சரிந்தது. சரிந்த குவியலிலிருந்து அந்தப் பையன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்ததும், நடுவர் அணித்தலைவரைத் தனியே அழைத்து, "இவர் இதற்கு முன் முன்வரிசையில் ஆடியிருக்கிறாரா?" என்று கேட்டார். அணித்தலைவர் மேலாளரைப் பார்த்தார். மேலாளர் தண்ணீர் பாட்டில்களைப் பார்த்தார்.

அதன்பின் அவரை வெளியே அனுப்பிவிட்டுத் தள்ளுதல் இல்லாத ஸ்க்ரம்தான் நடந்தது. அந்தப் போட்டியின் விதிப்படி, அப்படியொரு நிலைக்குக் காரணமாக வெளியேறியவருக்குப் பதிலாக வேறு ஆளை இறக்க முடியாது. ஆகவே மீதி ஆட்டம் முழுவதையும் பதினான்கு பேரோடு ஆடினார்கள். அவர்களுடைய பலமே ஸ்க்ரம் தள்ளுவதுதான் என்பது இன்னும் கொடுமை. தோல்வி எனக்குப் பெரிதல்ல. பயிற்சியில்லாத ஒருவருடைய பெயரைத் தாளில் எழுதிக் கையெழுத்திடுவது பொய்ச் சான்று கொடுப்பதற்குச் சமம், அதற்கு ஈடாக வைக்கப்படுவது இன்னொரு வீட்டுப் பிள்ளையின் கழுத்து என்பதைப் பின்னர் எடுத்துச் சொன்னபோதும், "எல்லா டீமும் அப்படித்தானே சார் எழுதுறாங்க" என்று பதில் வந்ததே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

செய்ய வேண்டியது கடினமானதல்ல, ஆனால் சீக்கிரம் தொடங்க வேண்டும். போட்டிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே ஸ்க்ரம்மில் முன்வரிசைக்குப் பின்னால் தள்ளும் ஃபிளாங்கர்களிலும் லாக்குகளிலும் இருந்து இரண்டு பேரைத் தேர்ந்து முன்வரிசைக்குப் பழக்குங்கள். ஸ்க்ரம் இயந்திரம் இல்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஒருவருக்கு ஒருவர் தோள் கொடுத்து அசையாமல் நிற்பதில் தொடங்கி, மூவருக்கு மூவர், ஐவருக்கு ஐவர் என்று படிப்படியாக ஏறலாம். யார் லூஸ்ஹெட், யார் டைட்ஹெட், இரண்டு பக்கமும் ஆடக்கூடியவர் யார் என்று பட்டியலில் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் ஆடுபவர் கிடைத்தால் எந்த விங்கரை விட்டாவது அவரை அழைத்துச் செல்லுங்கள். ஹூக்கர் அடிபட்டால் லைன்அவுட்டில் (கோட்டுக்கு வெளியே போன பந்தை இரு அணியின் வரிசைகளுக்கு நடுவே எறிந்து ஆட்டத்தைத் தொடர்வது) பந்தெறிய யாருமில்லாமல் போவதும் இதே நோயின் இன்னொரு கிளை. அதற்கும் ஓர் ஆள் இப்போதே எறிந்து பழக வேண்டும். இத்தனைக்குப் பிறகும் ஆள் போதவில்லை என்றால் ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். சுற்றறிக்கை அதற்கு என்ன விலை வைத்திருந்தாலும் அதைக் கொடுத்துவிடலாம்.

புதிய பூட்ஸ்

போட்டிக்கு முந்தைய வாரம் வாங்காதீர்கள்.

மவுத்கார்ட்

வெந்நீரில் இளக்கிக் கடித்துப் பொருத்தும் வகையானால், அதை அணிந்துகொண்டு சக ஆட்டக்காரரை அழைக்கப் பழகச் சில வாரம் பிடிக்கும்.

ஸ்டட்

சென்னையின் காய்ந்த மைதானத்துக்குப் போட்ட குட்டை ஸ்டட் (பூட்ஸின் அடியில் உள்ள குமிழ்), மழை ஊறிய வங்காளத்துப் புல்லில் வழுக்கும். நீளமானதை மாட்டும்போது 21 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. தேய்ந்து கூரான விளிம்பு உள்ளதை நடுவர் அனுமதிக்கமாட்டார்.

கடைசி வாரத்தில் உடம்பை உடைப்பது

போட்டி நெருங்க நெருங்கப் பயிற்சியாளருக்குப் பயம் வந்துவிடுகிறது; பயத்தில் ஓட்டத்தைக் கூட்டுகிறார். கடைசி ஏழு நாளில் எவருக்கும் புதிதாக உடற்தகுதி வந்துவிடாது, களைப்பும் தசைப்பிடிப்பும்தான் வரும். முழு மோதலுடன் கூடிய கடைசிப் பயிற்சி முதல் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்னதாக முடிந்துவிட வேண்டும். அதன்பின் லைன்அவுட் குறியீடுகளையும் ஆட்டத் தொடக்க உதைகளையும் சுருக்கமாக, வேகமாகச் செய்து பார்த்தால் போதும்.

ரயிலிலிருந்து இறங்கிய அன்றே ஆடுவது

சென்னையிலிருந்து ஹவுரா ஏறத்தாழ 1,660 கிலோமீட்டர். ஹவுரா மெயிலில் ஒரு நாளுக்கும் மேலான பயணம். ஆறடிக்கு மேல் உயரமுள்ள லாக் ஆட்டக்காரரை சைடு அப்பரில் மடித்துப் போட்டுக் கொண்டுபோய், காலையில் இறக்கி, பிற்பகலில் லைன்அவுட்டில் குதிக்கச் சொன்னால் அவர் எங்கே குதிப்பார்? ஒரு முழு நாள் முன்னதாகப் போய்ச் சேருங்கள். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, ஒரு பயணச்சீட்டில் ஆறு பேருக்கு மேல் எடுக்க முடியாது. ஆகவே பெயர்ப் பட்டியலை அதற்குள் முடிவு செய்து, நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்து, திறக்கும் காலையிலேயே எடுத்துவிட வேண்டும். முதல் நாளுக்கு வீட்டு எலுமிச்சைச் சாதம் போதும். விஜயவாடாவில் வண்டி நிற்கும்போது எல்லோரையும் இறக்கி நடைமேடையில் நடக்க விடுங்கள்.

தலையில் பட்ட அடியை மறைப்பது

தொலைக்காட்சியில் வரும் பன்னாட்டு ஆட்டங்களில் தலையில் அடிபட்டவர் உள்ளே போய்ப் பரிசோதனை முடித்துத் திரும்பி வருவதைப் பார்த்துவிட்டு, நமக்கும் அந்த வாய்ப்பு உண்டு என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அது உரிய மருத்துவக் குழு உள்ள உயர்நிலை ஆட்டங்களுக்கு மட்டுமே. கிளப் ஆட்டத்தில் மூளை அதிர்ச்சி என்ற சந்தேகம் எழுந்தாலே அவர் வெளியேற வேண்டும், அந்த ஆட்டத்துக்குத் திரும்பக் கூடாது. மருத்துவமனைக்குப் போய்வந்து தலைவலி நின்றாலும், உலக ரக்பி அமைப்பின் வழிகாட்டுதல்படி குறைந்தது 21 நாள் போட்டி ஆட்டம் கிடையாது. சனிக்கிழமை அடிபட்டவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இல்லை என்பதைப் புறப்படும் முன்பே, பெற்றோர் முன்னிலையில், அணி முழுவதற்கும் சொல்லிவிடுங்கள். அரையிறுதிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது இதை விவாதிக்கத் தொடங்கினால் மேலாளர்தான் தோற்பார். அடிபட்டவருக்கு "இப்ப நல்லாத்தான் இருக்கேன்ணே" என்று சொல்வதைத் தவிர வேறு எதுவும் தோன்றாது.

பணம்

பயணச்சீட்டு எடுக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் பங்குத்தொகையை வாங்கிவிடுங்கள். பாக்கி வைத்தவர் தோற்று வந்தபின் தரமாட்டார். எக்ஸ்ரே, ஸ்கேன், ஆட்டோ ஆகியவற்றுக்கென்று தொடாத தொகை ஒன்று மேலாளர் கையில் தனியே இருக்க வேண்டும். கொல்கத்தாவுக்குப் போகும் அணிகள் இந்த விஷயத்தில் அந்த ஊரின் பழைய கிளப் ஒன்றை நினைத்துக்கொள்ளலாம். 1872ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் அங்கே நடந்த ஆட்டத்தைத் தொடர்ந்து தொடங்கிய கல்கத்தா கால்பந்து கிளப் (பெயர் அப்படியானாலும் ஆடியது ரக்பி), இலவச மதுக்கூடத்தை மூடியதும் உறுப்பினர்களை இழந்து, 1878இல் கலையும் நிலைக்கு வந்தது. ஆனாலும் கணக்கில் 270 வெள்ளி ரூபாய் மிச்சம் வைத்திருந்தது. அதை வங்கியிலிருந்து எடுத்து உருக்கிச் செய்த கோப்பைக்காகத்தான் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் இன்றும் மோதுகின்றன. நம் கிளப்புகள் கலையும்போது பெரும்பாலும் ஜெர்சிக்காரருக்குக் கடன்தான் மிச்சமிருக்கிறது.

ஊர் திரும்பும் வண்டியை முன்கூட்டியே பிடிப்பது

எப்படியும் இறுதிக்குப் போகப் போவதில்லை என்ற நினைப்பில் இறுதி ஆட்டத்தன்று மாலை வண்டிக்கே பயணச்சீட்டு எடுப்பவர்கள் உண்டு. நன்றாக ஆடி இறுதிக்குப் போய்விட்டால் இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரர்கள் பையைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். மறுநாளுக்கு எடுங்கள். முன்பே தோற்றுவிட்டால், மிஞ்சிய நேரத்தில் ஊர் சுற்ற விடாமல், உங்கள் ப்ராப்களையும் ஹூக்கர்களையும் கோட்டோரமாக நிறுத்தி, வெல்லும் அணிகளின் ஸ்க்ரம் ஒவ்வொன்றிலும் 3ஆம் எண்காரரின் முழங்கை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.