தாமான் சங்கத்தில் யாருக்கு எந்த வேலை?

நம் மலேசியாவில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) குடியிருப்பாளர் சங்கம் ஆரம்பிக்கலாம் என்று நாலு பேர் சொன்னதுமே அடுத்த பேச்சு யார் தலைவர் என்பதாகத்தான் இருக்கும். அதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அடுத்த ஒரு வருடத்தில் உங்கள் தாமானில் ஆக வேண்டிய காரியங்களை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். லோங்காங் (சாக்கடை) அடைப்பு, எரியாத தெருவிளக்கு, பாடாங்கில் (திடலில்) உடைந்து கிடக்கும் ஊஞ்சல், ராத்திரி மோட்டார்சைக்கிள் தொல்லை, எதுவாக இருந்தாலும் சரி. எந்த வேலையை யார் உண்மையிலேயே செய்வார் என்று பக்கத்தில் ஒரு பெயர் எழுத முடிந்தால் பதவிப் பட்டியலில் பாதி தானாக வந்துவிடும். தலைவரைப் போட்டுவிட்டு அப்புறம் வேலை தேடும் சங்கம், பெருநாளுக்கு ஒரு விருந்து வைத்துவிட்டுத் தூங்கப் போய்விடும்.

எந்த மாதிரி சங்கம் என்பதிலும் குழப்பம் வேண்டாம். கொண்டோ, அபார்ட்மென்ட் என்றால் 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா (அடுக்குமாடி) நிர்வாகச் சட்டம் சொல்கிற நிர்வாகக் குழு இருக்கும், அதன் விதிகள் வேறு. அக்கம்பக்கத்தார் அமைப்பான ருக்குன் தெத்தாங்காவும் வேறு. 1975-இல் ஆரம்பித்தது, ஒற்றுமைத் துறையின் கீழ் வருவது, 2012-இல் அதற்கென்று தனிச் சட்டமும் வந்தது. ராத்திரி ரோந்து போக ஆசை இருந்தால் அந்த வழியாகப் போங்கள், நீங்களாகவே கம்பும் டார்ச் லைட்டுமாகக் கிளம்பிவிடாதீர்கள். இங்கே நான் சொல்வது தரைவீட்டுத் தாமான்களில், 1966-ஆம் ஆண்டுச் சங்கச் சட்டத்தின் கீழ் சங்கப் பதிவகமான ஆர்ஓஎஸ்ஸில் பதியும் சங்கத்தைப் பற்றி. குறைந்தது 7 பேர் வேண்டும். தொடக்கக் கூட்டம் போட்டு இடைக்காலச் செயலவையைத் தேர்ந்தெடுத்து, கூட்டக் குறிப்பையும் சட்டவிதிகளையும் சேர்த்து விண்ணப்பிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களும் உறுப்பினராகலாமா, ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டா, ஆளுக்கு ஒரு ஓட்டா என்பதையெல்லாம் சட்டவிதி எழுதும்போதே முடித்துவிடுங்கள். பின்னால் தேர்தல் நேரத்தில் இதைப் பேசினால் சண்டைதான்.

சரி, பதவிகள். வழக்கமான செயலவையில் தலைவர், துணைத்தலைவர், செயலாளர், துணைச் செயலாளர், பொருளாளர், அப்புறம் சில செயலவை உறுப்பினர்கள். என்னைக் கேட்டால் செயலாளரைத்தான் முதலில் தேட வேண்டும். கூட்டத்தில் "செயலாளர் யார்?" என்று கேட்டதும் அதுவரை வாய் ஓயாமல் பேசியவர்கள் எல்லாம் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்குவார்கள், கவனித்திருப்பீர்கள். காரணம் இருக்கிறது. கூட்ட அறிவிப்பு, கூட்டக் குறிப்பு, உறுப்பினர் பட்டியல், ஆர்ஓஎஸ்ஸுக்கு ஆண்டறிக்கை, கோலாலம்பூர் மாநகர் மன்றமான டிபிகேஎல்லுக்குக் கடிதம் எல்லாமே அவர் தலையில்தான் விழும். மலாய் நன்றாக எழுதத் தெரிந்தவராக, அனுப்பிய கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் பத்து நாள் கழித்து மறுபடியும் தட்டிக் கேட்கிறவராகப் பாருங்கள். பேச்சாளராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை, பேசத்தான் தலைவர் இருக்கிறாரே.

தலைவரின் வேலை கூட்டத்தை நேரத்துக்கு முடிப்பது, இரண்டு பக்கத்தையும் பேச விடுவது, வெளியே போய்ச் சங்கத்தின் பெயரால் நிற்பது. அரசியல் கட்சியில் பொறுப்பில் இருப்பவரைத் தலைவராகப் போட்டால் சில கதவுகள் சீக்கிரம் திறக்கும் என்பது உண்மைதான். ஆனால் அடுத்த தேர்தல் வந்ததும் பாதித் தாமான் சங்கத்தை விட்டு ஒதுங்கிவிடும். எனக்கு அது சரிப்படாது.

பொருளாளர் விஷயத்தில் தயவுதாட்சண்யம் வேண்டாம். தலைவரும் பொருளாளரும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும். பணம் தனிப்பட்டவர் கணக்கில் ஒரு நாள்கூடத் தங்கக் கூடாது, சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு திறந்து, பணம் எடுக்க ஒன்றுக்கு மேற்பட்டவர் கையெழுத்து வேண்டும் என்று எழுதிவிடுங்கள். சந்தா வாங்கினால் உடனே ரசீது. ரசீதுப் புத்தகத்தில் எண் அச்சிட்டிருக்க வேண்டும், கார்பன் நகல் இருக்க வேண்டும். தவறாக எழுதிய ரசீதைக் கிழித்துப் போடாமல் குறுக்கே கோடு போட்டு அதிலேயே விட வேண்டும். சின்ன விஷயம்தான், ஆனால் வருடக் கடைசியில் கணக்காய்வாளர் புரட்டும்போது நடுவில் ஒரு எண் காணாமல் போயிருந்தால் ஐந்து வெள்ளிக்குக்கூட ஐம்பது பேர் கேள்வி கேட்பார்கள். கணக்காய்வாளர்கள் இருவரைப் பொதுக்கூட்டத்திலேயே தேர்ந்தெடுங்கள், அவர்கள் செயலவையில் இருக்கக் கூடாது.

செயலவை உறுப்பினர்களைத் தெருவாரியாக எடுப்பது நல்லது. ஒவ்வொரு ஜாலானுக்கும் ஒருவர் இருந்தால் எந்தத் தெருவும் விடுபட்டது என்று குறைபட முடியாது. மலாய், சீனக் குடும்பங்கள் இருக்கிற தாமானில் செயலவை முழுக்க நம் ஆட்களாகவே இருந்தால் சந்தா வசூலிக்கும்போது அது தெரியும்.

இனி துணைக்குழுக்கள். இதில்தான் பல சங்கங்கள் சறுக்குகின்றன, ஏனென்றால் பாதுகாப்பு, துப்புரவு, நலன், விளையாட்டு, கலாச்சாரம், மகளிர், இளைஞர் என்று எடுத்த எடுப்பில் ஏழு குழு அமைத்து, எல்லாவற்றிலும் அதே ஐந்து பேர் பெயரை எழுதி வைத்துவிடுகிறார்கள். நிரந்தரமாக இரண்டு போதும், துப்புரவு ஒன்று, பாதுகாப்பு ஒன்று. மற்றவை தேவைப்படும்போது அமைத்துக் காரியம் முடிந்ததும் கலைத்துவிட வேண்டியவை. ஒவ்வொரு குழுவையும் அமைக்கும்போது மூன்று விஷயம் கூட்டக் குறிப்பில் ஏற வேண்டும்: என்ன வேலை, செயலவையைக் கேட்காமல் எவ்வளவு வரை செலவு செய்யலாம், எந்தத் தேதிக்குள் அறிக்கை தர வேண்டும். குழுத் தலைவர் செயலவை உறுப்பினராக இருக்கட்டும், மற்றவர்கள் யாராகவும் இருக்கலாம். ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், பகல் முழுக்க வீட்டில் இருக்கிற ஆன்ட்டி, ஐடியில் வேலை பார்க்கும் பையன், இவர்களெல்லாம் பதவி வேண்டாம் என்பார்கள், வேலை கொடுத்தால் செய்வார்கள்.

பாதுகாப்புக் குழு காவலாளி வைக்கலாம் என்று ஆரம்பித்தால் அதைத் துணைக்குழுவோடு முடித்துவிடாமல் பொதுக்கூட்டத்துக்குக் கொண்டு போங்கள். தாமான் ரோடு பொது ரோடு. காசு கட்டாத வீட்டுக்காரரைத் தடுத்து நிறுத்த உங்களுக்கு உரிமை இல்லை. தடுப்புக்கட்டை போட மாநகர் மன்றத்தின் அனுமதி வேண்டும்.

புகார்களை எங்கே கொண்டு போவது என்பதும் ஊருக்கு ஊர் மாறும். உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்டதிலிருந்து நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் எங்கேயும் கிடையாது. பினாங்கில் மாநில அரசு நியமித்த கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், உங்கள் பகுதிக்கு யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கோலாலம்பூரில் அதுவும் இல்லை, டத்தோ பண்டார் எனும் மேயரின் கீழ் இயங்கும் டிபிகேஎல்தான். ஆகவே கடித வேலைக்கு ஒருவரை நிரந்தரமாகப் போட்டுவிடுவது கோலாலம்பூரில் இன்னும் முக்கியம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு கோரம் (குறைந்தபட்சம் வர வேண்டியவர் எண்ணிக்கை) எவ்வளவு என்பதை நடைமுறைக்கு ஏற்றபடி எழுதுங்கள். ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதி, அல்லது செயலவையைப் போல இரண்டு மடங்கு, இதில் எது குறைவோ அது என்பது பலரும் வைக்கும் விதி. கூட்டம் முடிந்த 60 நாளுக்குள் ஆர்ஓஎஸ்ஸுக்கு ஆண்டறிக்கை போக வேண்டும், தேதியைச் செயலாளரும் துணைச் செயலாளரும் இருவருமே குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

செயலவை மாறினால் அதே வாரத்தில் கைமாற்றத்தை முடியுங்கள். ஆர்ஓஎஸ் இணையக் கணக்கின் பாஸ்வேர்டு, ரசீதுப் புத்தகங்கள், கூட்டக் குறிப்புக் கோப்பு, வாட்ஸ்அப் குழுவின் அட்மின் பொறுப்பு எல்லாவற்றையும் பட்டியல் போட்டு இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். வங்கிக் கையெழுத்தை மாற்றத்தான் அதிக நாள் இழுக்கும், புதுச் செயலவையைத் தேர்ந்தெடுத்த கூட்டத்தின் குறிப்பு இல்லாமல் வங்கி அசையாது, அதனால் அந்தக் குறிப்பை முதலில் எழுதி முடிக்கச் சொல்லுங்கள்.