வெளிநாட்டு பையருடன் ஒப்பந்தமா? ஆர்பிட்ரேஷன் ஷரத்தை இப்படி எழுதுங்கள்

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறேன், வக்கீல் இல்லை. ஒரு பையர் பணம் தராமல் இழுத்தடித்தபோதுதான் எங்கள் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை முதன்முறையாக ஒழுங்காகப் படித்தேன். ஆர்பிட்ரேஷன் ஷரத்து, அதாவது தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை, அங்கேதான் இருந்தது. நீங்கள் கையெழுத்துக்கு முன்பே படித்துவிடுங்கள்.

படி 1: ஷரத்தைச் சொந்தமாக எழுதாதீர்கள். சிங்கப்பூரின் எஸ்ஐஏசி, பாரிஸின் ஐசிசி, லண்டனின் எல்சிஐஏ என ஆர்பிட்ரேஷன் நடத்தும் அமைப்புகள் எல்லாமே மாதிரி ஷரத்தைத் தங்கள் இணையதளத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. அங்கிருந்தே எடுங்கள், நண்பர் அனுப்பிய பழைய வேர்ட் ஃபைல் வேண்டவே வேண்டாம். என் ஓட்டு எஸ்ஐஏசி-க்கு. 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள அதன் 7ஆம் பதிப்பு விதிகளில், 10 லட்சம் சிங்கப்பூர் டாலருக்கு மேற்படாத தகராறுகளுக்கு ஒரே நடுவர், தீர்ப்பாயம் அமைந்த 3 மாதத்தில் தீர்ப்பு என்று ஒரு சுருக்கு வழி இருக்கிறது. நம்மைப் போன்ற சின்ன ஆட்களுக்கு அதுவே போதும்.

படி 2: சீட், அதாவது சட்டப்படி ஆர்பிட்ரேஷன் எந்த ஊருக்கு உரியது என்பது. நான் சறுக்கியது இங்கேதான். எங்கள் ஷரத்தில் 'வென்யூ: துபாய்' என்று மட்டும் இருந்தது. வென்யூ என்பது உட்கார்ந்து பேசும் இடம்தானே, ஒரு ஹோட்டல் அறைகூட ஆகலாமே, நடுவரை நியமிக்க நம் ஊர் கோர்ட்டையே கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். வக்கீல் ஒரே ஒரு வழக்கைக் காட்டினார்: 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்த்த அரிஃப் அஸீம் - மைக்ரோமேக்ஸ் வழக்கு. அதிலும் வென்யூ துபாய்தான். வேறு ஊர் சீட் என்று காட்ட எதுவும் இல்லாததால் துபாயே சீட், நடுவரை நியமிக்க இந்திய நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்று முடிந்தது. ஆர்பிட்ரேஷனை மேற்பார்வை பார்ப்பதும், தீர்ப்பை ரத்து செய்யக் கேட்டால் விசாரிப்பதும் சீட் இருக்கும் நாட்டின் நீதிமன்றம். அதனால் வென்யூ என்ற சொல்லையே அடித்துவிட்டு 'சீட்: சிங்கப்பூர்' என்று எழுதுங்கள்.

அப்புறம், பையரின் சொத்து இருக்கும் நாடு வெளிநாட்டு நடுவர் தீர்ப்பை உள்நாட்டில் செயல்படுத்த வழிசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கையில் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது.

படி 3: ஷரத்துக்கே தனிச் சட்டம். ஒப்பந்தத்துக்கு ஒரு சட்டம், அதற்குள் இருக்கும் ஆர்பிட்ரேஷன் ஷரத்துக்கு இன்னொன்றா என்று எனக்கும் சிரிப்பு வந்தது. இங்கிலாந்தின் 2025ஆம் ஆண்டு ஆர்பிட்ரேஷன் சட்டப்படி, நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் சீட் நாட்டின் சட்டமே ஷரத்துக்கும் பொருந்தும். சிங்கப்பூர் நீதிமன்றங்களோ பெரும்பாலும் ஒப்பந்தத்தின் சட்டத்தையே முதலில் பார்க்கின்றன. ஷரத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சண்டையே வராது.

படி 4: நடுவர் ஒருவர், மொழி ஆங்கிலம். மூன்று நடுவர் என்றால் மூன்று பேருக்கும் ஃபீஸ், அவ்வளவுதான்.

பின்சேர்க்கை: இரண்டும் இந்தியக் கம்பெனிகள், சீட் வெளிநாட்டில் வைக்கலாமா என்று கமெண்டில் இருவர் கேட்டிருந்தார்கள். வைக்கலாம், 2021இல் பிஏஎஸ்எல் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

இன்னொருவர் கேட்டது: சீட் சிங்கப்பூர் என்றால், பையரின் சரக்கு சென்னைத் துறைமுகத்தில் நிற்கும்போது இங்கே தடை வாங்க முடியாதா? இந்திய ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பிறகு, அதன் முதல் பகுதியில் உள்ள, இடைக்காலத் தடைக்கான பிரிவு 9-இன் கீழ் இங்கேயே கேட்கலாம். ஆனால் 'இந்தியச் சட்டத்தின் முதல் பகுதி பொருந்தாது' என்று ஒரு வரி பையரின் டிராஃப்டில் இருந்தால் அந்த வழி அடைபட்டுப்போகலாம். எங்களுக்கு வந்த டிராஃப்டில் அது 14ஆம் பக்கத்தில் இருந்தது.